வாடகை வீட்டு மின்கம்பிகள்

வேலை நிமித்தம் டில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறும் தமிழன்பர்கள் வீடு பார்க்கும்பொழுது தண்ணீர் வசதி உண்டா, பள்ளிக்கூடம் அருகில் உள்ளதா என்று தவறாமல் விசாரிக்கின்றனர். சுவருக்குள் ஓடும் மின்கம்பியைப் பற்றி விசாரிப்பவர் மிகச் சிலரே. அக்கம்பி எந்தக் காலத்தில், எத்தனை பளுவுக்காக இழுக்கப்பட்டது என்பதை அறியாமல் நம் சாதனங்களை அதில் மாட்டுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

வடபுலத்துத் தட்பவெப்பம் நமக்குப் பழக்கமில்லாத இரண்டு பொருள்களை வீட்டிற்குள் கொண்டுவருகிறது. கோடையில், தகர உடலும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட கூலர். குளிர்காலத்தில், வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைக்கும் வெந்நீர்க் கம்பி. இட்லி மாவரைக்கும் கிரைண்டரோ ஊரிலிருந்தே நம்முடன் வந்துவிடுகிறது. இம்மூன்றிலும் தண்ணீரும் மின்சாரமும் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதை மறத்தலாகாது.

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். சாதனத்தின் உள்ளே மேலுறை தேய்ந்து, மின்சாரம் பாயும் 'ஃபேஸ்' கம்பி உலோக உடலைத் தொட்டுவிட்டால், வெளியில் எவ்வித அடையாளமும் தெரியாது. கூலர் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். ஈரத் தரையில் நிற்கும் ஒரு குழந்தை அதைத் தொட்டால், அதன் உடல் வழியாக மின்சாரம் நிலத்திற்கு இறங்கும். இதைத் தடுப்பதற்காகவே 'எர்த்' கம்பி அமைக்கப்படுகிறது. உலோக உடலை அது நிலத்தோடு இணைப்பதால், கசியும் மின்சாரம் அவ்வழியே பெருக்கெடுத்தோடி ஃபியூஸை எரித்துவிடும். பிளக்கில் மூன்றாவது முள் நீளமாகவும் தடிப்பாகவும் இருப்பதன் காரணமும் இதுவே. செருகும்பொழுது அது முதலில் சேர வேண்டும். பிடுங்கும்பொழுது கடைசியில் விலக வேண்டும். அம்முள்ளை ஒடித்துவிடுவதும், பிளக்கே இல்லாமல் இரண்டு வெறுங்கம்பிகளைத் துளையிலிட்டுத் தீக்குச்சியால் இறுக்குவதும் கொடிய வழக்கங்கள்.

பழைய வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாமலும் இருக்கலாம். சில மிஸ்திரிகள் அத்துளையை 'நியூட்ரல்' கம்பியோடு இணைத்துவிடுவதும் உண்டு. நியூட்ரல் எங்கேனும் அறுந்தால், நல்ல சாதனத்தின் உடலிலும் மின்சாரம் ஏறிவிடும். ஆகவே, குடிபோவதற்கு முன் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த்தைச் சோதித்தல் அவசியம்.

அடுத்தது பளு. வாட் எண்ணை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1500 வாட் வெந்நீர்க் கம்பி ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கும்; விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் சாக்கெட்டு அதைத் தாங்காது. 16 ஆம்பியர் சாக்கெட்டும், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்புக் கம்பியும் வேண்டும். கெய்சருக்கும் குளிர்சாதனத்திற்கும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியைத் தனி வழியாக இழுப்பது நலம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கம்பியையே வாங்குங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸுக்கும், கறுப்பு நியூட்ரலுக்கும், பச்சை எர்த்துக்கும் உரியவை. எனினும், பழைய வீட்டில் நிறத்தை மட்டும் நம்பலாகாது.

ஃபியூஸும், அதன் இடத்தில் இன்று வந்துள்ள எம்.சி.பி.யும் காப்பது கம்பியைத்தான், மனிதனை அன்று. அவை 6 அல்லது 16 ஆம்பியரைத் தாண்டிய பின்னரே வேலை செய்கின்றன. மனித உயிரைப் போக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் இடைவிடாது ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்னரோ எட்டியவுடனேயோ இணைப்பைத் துண்டிக்கிறது. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். இக்கருவி இருப்பதால் எர்த் தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. எர்த் இல்லாத இடத்தில், யாரேனும் தொட்டு அதிர்ச்சி அடைந்த பிறகே அது விழித்துக்கொள்ளும்.

வீட்டில் ஒரு டெஸ்டர், பிடியில் காப்புறையுள்ள குறடு, இன்சுலேஷன் டேப், உலர்ந்த மரப்பலகை ஆகியவை இருக்கட்டும். மெயினை அணைத்த பின்னரும் டெஸ்டரால் பார்த்தே கம்பியைத் தொட வேண்டும். அந்த டெஸ்டர் நன்றாக எரிகிறதா என்பதை, மெயினை அணைக்குமுன் மின்சாரமுள்ள துளையில் சோதித்துக்கொள்க. வெந்நீர்க் கம்பியின் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரிலோ வாளியிலோ கை வைக்கலாகாது. கூலருக்குத் தண்ணீர் ஊற்றும்பொழுதும் இதுவே விதி.

யாரையேனும் மின்சாரம் தாக்கினால் பதறிப்போய் அவரைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். அது இயலாவிடில், உலர்ந்த பலகை மேல் நின்று உலர்ந்த மரக்கோலால் அவரை விலக்குங்கள். உடனே 112 என்ற எண்ணுக்குச் சொல்லி உதவி கோருங்கள். மூச்சு நின்றிருந்தால், பயின்றவர் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டும். மெயின் எங்கே உள்ளது என்பதைக் குடிபுகுந்த அன்றே குடும்பத்தார் அனைவருக்கும் காட்டி வையுங்கள்.