சிறுவர் படநூல்கள் வழித் திபெத்தியப் பௌத்தப் பண்பாட்டைக் கற்பித்தல்

முன்னுரை

ஓவியத்தைக் காட்டிக் கதை சொல்லிச் சமயத்தைக் கற்பிக்கும் வழக்கம் திபெத்துக்குப் புதியதன்று. மடாலயங்களின் வாயில் மண்டபச் சுவர்களில் பவச்சக்கரம் தீட்டப்படுவது மரபு. ‘லாமா மணி’ எனப்படும் ஊர்சுற்றிக் கதைசொல்லிகள் தங்கா ஓவியத்தை விரித்து, அதன் காட்சிகளைக் கோலால் சுட்டி அறக்கதை கூறினர். ஆகவே, மேலைநாட்டுச் சிறுவர் படநூல்களைக் கொண்டு அப்பண்பாட்டைக் கற்பிப்பது பொருத்தமானதாகவே தோன்றும். ஆயினும் அந்நூல்களில் ஓவியம் காட்டும் திபெத்தும் கதை உணர்த்தும் கருத்தும் எப்போதும் ஒன்றுபடுவதில்லை. இவ்விடைவெளியையே பாடப்பொருளாக்க வேண்டும் என்பதை மூன்று நூல்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

மறுபிறப்பும் விருப்பத் தேர்வும்

மோர்டிகாய் கெர்ஸ்டீனின் ‘திபெத்தின் மலைகள்’ (1987), பட்டம் விடுவதை விரும்பிய ஒரு விறகுவெட்டியின் கதை. உலகைக் காண விழைந்தும் தன் பள்ளத்தாக்கை விட்டு நீங்காமலே அவர் இறக்கிறார். இறந்தபின் விண்ணுலகம், மறுபிறவி என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு ஒரு குரல் கூறுகிறது. அவர் பிறவியை விரும்பி, விண்மீன் கூட்டம் முதல் பெற்றோர் வரை ஒவ்வொன்றாகத் தேர்ந்து, அதே மலைநாட்டில் பெண்ணாகப் பிறக்கிறார்.

14ஆம் நூற்றாண்டில் கர்ம லிங்பா வெளிப்படுத்தியதாகக் கருதப்படும் ‘பர்தோ தோதல்’ இக்கதைக்குத் தூண்டுதலாகும். எனினும், அம்மரபில் இறந்தவரின் உணர்வை வினையே உந்திச் செல்கிறது. கருப்பையைத் தேர்வதற்கான அறிவுரை அந்நூலில் உண்டென்றாலும், விடுதலை பெறுவதும் பிறவி வாயிலை அடைப்பதுமே அதில் முதலிடம் பெறுகின்றன. மேலும், பௌத்தத்தில் விண்ணுலகம் பிறவிக்கு மாற்று அன்று. அதுவும் நிலையற்ற ஒரு கதியே. மணிமேகலை கூறும் அறுவகை உயிர்களுள் தேவரும் அடங்குவதைத் தமிழ் ஆய்வாளர் இங்கு ஒப்புநோக்கலாம். படநூலோ வினையின் இடத்தில் தனிமனித விருப்பத்தை வைக்கிறது.

பயணமும் முயற்சியும்

பார்பரா ஹெலன் பெர்கரின் ‘லாசா வரை’ (2002) திபெத்திய உவமைக் கதை ஒன்றின் மறுகூற்று. குதிரையில் விரைபவனும் யாக் எருதுடன் நடப்பவனும் வழியோர மூதாட்டியிடம் லாசாவின் தொலைவைக் கேட்கின்றனர். அடிமேல் அடி வைத்து நடந்தவனே ஊரை அடைகிறான். ஆறு பாரமிதைகளுள் ஒன்றான வீரியம் என்னும் இடையறா முயற்சியை, அச்சொல்லைப் பயன்படுத்தாமலே, சிறுவர்க்கு உணர்த்த இந்நூல் உதவும். இங்குக் கதையும் கோட்பாடும் பெரிதும் இணங்குகின்றன.

காண்பவரின் நிலை

பீட்டர் சிஸின் ‘சிவப்புப் பெட்டி வழியே திபெத்’ (1998), 1950களில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து சீனாவுக்கு அனுப்பப்பட்டுத் திபெத்தை அடைந்த தந்தையின் நாட்குறிப்பை மகன் படிப்பதாக அமைந்தது. மண்டல வடிவ ஓவியங்களும் நாட்குறிப்புப் பக்கங்களும் அதில் விரவி வருகின்றன. நினைவு, கற்பனை, வரலாறு ஆகியவற்றின் எல்லைகள் கலந்திருப்பினும், ‘இது அயலவர் கண்ட திபெத்’ என்பதை நூலின் வடிவமே அறிவித்துவிடுகிறது. மற்ற இரு நூல்களையும் வாசிக்கும்போது இவ்வுணர்வை ஆசிரியரே ஊட்ட வேண்டியுள்ளது.

வகுப்பறைப் பயன்பாடு

முதலில் எழுத்தை மறைத்து ஓவியங்களை மட்டும் வாசிக்கச் செய்யலாம். மலை, உடை, கொடி, மண்டலம் ஆகியவற்றை மாணவர் தாமே இனங்காண்பர். அடுத்து, கதையின் கருத்தைப் பவச்சக்கர ஓவியத்துடன் ஒப்பிட்டு, ‘இறந்தவர் தேர்கிறாரா, வினை உந்துகிறதா?’ என்று வினவலாம்.

இறுதியாக, நிகழ்காலத்தைச் சேர்ப்பது இன்றியமையாதது. மூன்று நூல்களின் ஆசிரியர்களும் திபெத்தியர் அல்லர். இந்நூல்களை மட்டும் கற்கும் மாணவர், திபெத்தியரைப் பனிமலையில் வாழும் பழங்கால மாந்தராகவே எண்ணக்கூடும். 1959க்குப் பின் புலம்பெயர்ந்தோரின் வழித்தோன்றல்கள் கர்நாடகத்தின் பைலகுப்பே போன்ற குடியிருப்புகளில் வாழ்வதும், 1960இல் தர்மசாலாவில் தொடங்கிய திபெத்தியச் சிறுவர் கிராமம் போன்ற நிறுவனங்களில் கல்வி பெற்று வருவதும் வகுப்பில் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

பண்பாட்டுக் கல்விக்குப் படநூல் நல்ல தொடக்கமே, சான்றாவணம் ஆகாது. ஓவியத்தின் நுட்பம் கருத்தின் துல்லியத்திற்கு உறுதியளிப்பதில்லை. கதை எங்கு மரபோடு இணங்குகிறது, எங்கு விலகுகிறது, யார் கூறுகிறார் என்னும் மூன்று வினாக்களை எழுப்பும்போதே, படநூல் வாசிப்பு அப்பண்பாட்டை அறியும் வழியாகிறது.