காற்றும் ஒரு கச்சாப்பொருள்

நூற்பாலையில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த வேண்டும் என்றதும் பலர் கண்ணில் படுவது காற்றுக்கு ஈரமூட்டும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட். ஒரு முழம் நூல்கூட நூற்காத இயந்திரம் அது. பெரிய ஃபேன்கள் ராப்பகலாக ஓடி, காற்றை நீர்த்தூவல் வழியே இழுத்து ஆலைக்குள் தள்ளுவதோடு சரி. ஆனால், அந்தக் காற்றையும் பஞ்சைப் போலக் கச்சாப்பொருள் கணக்கில்தான் எழுத வேண்டும். பருத்தி இழை ஈரம் ஏறினால் வலுக்கும். வற்றினாலோ அறுந்துகொண்டே இருக்கும். உரசலில் நிலைமின்சாரம் சேர்ந்து இழைகள் ஒன்றையொன்று விலக்கும், பஞ்சுத் தூசு பறக்கும். ஸ்பின்னிங் பகுதியில் ஈரப்பதத்தை 55 முதல் 60 சதவீதத்துக்குள் வைக்கப் பாடுபடுவது இதனால்தான்.

கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வருகிறதே, ஜன்னலைத் திறந்தால் போதாதா? போதாது. சூடு ஏற ஏறக் காற்றின் கொள்ளளவு கூடுகிறது. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 40 டிகிரியில் சுமார் 51 கிராம். 60 சதவீத ஈரப்பதத்தோடு 30 டிகிரியில் உள்ளே வரும் காற்றை மோட்டார்களின் சூடு 40-க்கு ஏற்றிவிட்டால், ஒரு சொட்டு நீரும் குறையாமலே ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதற்காகத் தரையில் தண்ணீர் தெளிப்பதும் வைத்தியம் ஆகாது. ஓரிடத்தில் ஈரம் மிஞ்சி, இழை ரோலரில் சுற்றிக்கொள்ளும். சற்றுத் தள்ளி நூல் அறும்.

செலவு அதிகம் என்பவர்கள் எடைமேடையையும் பார்க்க வேண்டும். நூல் எடைக்கு விற்கிறது. முற்றிலும் காய்ந்த பருத்தி 100 கிலோவுக்கு 8.5 கிலோ ஈரம் இருக்கலாம் என்பது வணிக வழக்கம். அது 6.5-க்கு இறங்கினால், 108.5 கிலோவாக விற்க வேண்டியது 106.5 கிலோதான் நிற்கும். இரண்டு கிலோ நூலின் விலை காற்றோடு போகிறது. (வரம்புக்கு மேல் ஈரமேற்றி விற்பவர்களும் உண்டு, அது வேறு கணக்கு, அதற்குப் பெயர் மோசடி.)

தொழிலாளியின் உடம்பு என்னாவது என்ற ஆட்சேபத்தை மட்டும் இப்படிக் காசுக் கணக்கால் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தின் லங்காஷயரில் காற்றில் ஈரமேற்ற நெசவுக்கூடங்களுக்குள் நீராவியைப் பாய்ச்சினார்கள். வெக்கையும் ஈரமும் சேர்ந்து நெசவாளர்களை வாட்டின. 1889-இல் வந்த சட்டம், இந்த வெப்பநிலைக்கு இவ்வளவு ஈரம்தான் என்று வரம்பு கட்டியது. ஆகவே காற்றுக்குச் செலவிடும் ஆலை ஈரத்தோடு வெப்பத்தையும் அளந்தாக வேண்டும். நீராவியைவிட நீர்த்தூவலுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு: நீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.