நாய்க்கு இடம் காட்டுவோம்

தெருவில் திரிந்த நாயை வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். சோறு வைக்கிறோம். மணி என்று பெயரும் வைக்கிறோம். மணி நம்மை நம்பிவிடுகிறது. வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறது. ஆனால் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது. மலமும் கழிக்கிறது.

மும்பை தாராவியில் பல வீடுகளில் ஒரே அறைதான். அங்கேதான் சமையல். அங்கேதான் படுக்கை. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிப்பதும் அங்கேதான். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சிறிய வீடுகளில் இருப்பவர்களுக்கும் இதே பாடுதான். நாற்றம் அடுத்த வீட்டுக்கும் போகிறது. சண்டை வருகிறது. கடைசியில் மணி மறுபடியும் தெருவுக்கே போகிறது.

அப்படி விட வேண்டியதில்லை. பொறுமையாகப் பழக்கினால் நாய் சில வாரங்களில் கற்றுக்கொள்ளும்.

நாய் ஏன் இப்படிச் செய்கிறது?

திமிரால் அல்ல. பழி வாங்கவும் அல்ல. அதற்கு இடம் தெரியவில்லை. தெருவில் அது சிமெண்டுத் தரையில் கழித்தது. வீட்டுத் தரையும் சிமெண்டுதான். இரண்டும் வேறு என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அடித்தால் கற்றுக்கொள்ளாதா? காலையில் செய்ததற்கு மாலையில் அடித்தால், எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. நம்மைக் கண்டு பயப்படும். பயந்த நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கழிக்கும். சில நாய்கள் அதட்டினாலே உடம்பைக் குறுக்கி, நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடும். அதன் மூக்கைப் பிடித்து அசுத்தத்தில் தேய்ப்பதும் தவறு.

எப்படிப் பழக்குவது?

1. நேரம்: காலையில் எழுந்ததும் நாயை வெளியே அழைத்துப் போங்கள். சாப்பிட்ட பிறகும், தூங்கி எழுந்த பிறகும், இரவு படுக்கும் முன்பும் அழைத்துப் போங்கள். பழகும் வரை வளர்ந்த நாய்க்கு நாளைக்கு நான்கைந்து முறை வேண்டும். குட்டிக்கு இன்னும் அதிகம் வேண்டும். மூன்று மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்குவது கடினம். தினமும் ஒரே நேரத்தில் உணவு வையுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். மும்பைப் புழுக்கத்தில் அது நாய்க்கு ஆபத்து.

2. இடம்: எப்போதும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். பழைய வாசனை அதற்கு இடத்தை நினைவூட்டும். பிறர் வாசலும் தண்ணீர்க் குழாய் அருகும் வேண்டாம். மலத்தைப் பழைய செய்தித்தாளில் எடுத்துக் குப்பையில் போடுங்கள். பொது இடத்தில் விட்டுவந்தால் மாநகராட்சி அபராதம் போடலாம்.

3. பாராட்டு: வெளியே கழித்து முடித்த உடனே தட்டிக்கொடுங்கள். ஒரு ரொட்டித் துண்டு கொடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கொடுத்தால் பயன் இல்லை.

4. கவனம்: நாய் தரையை மோப்பம் பிடித்துச் சுற்றிச் சுற்றி வருகிறதா? மூலையைத் தேடுகிறதா? உடனே வெளியே கூட்டிப் போங்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நேரத்தில் அதன் படுக்கை அருகே கட்டி வையுங்கள். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய நாய் விரும்பாது. ஆனால் நெடுநேரம் கட்டி வைக்காதீர்கள்.

மழைக் காலத்தில் சில நாய்கள் வெளியே போக மறுக்கும். கூரை நிழல் உள்ள ஓர் இடத்தை முன்பே பழக்கி வையுங்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது?

வாசனை இருந்தால் நாய் அதே இடத்துக்குத் திரும்ப வரும். முதலில் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பிறகு வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடையுங்கள். பினாயில் வேண்டாம். ஈரத்தை நாய் நக்கினால் அதற்கு விஷம் ஆகும்.

இதில் நம் உடல்நலமும் இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று மும்பையில் பெருமழை கொட்டியது. சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. வெள்ளத்துக்குப் பின் எலிக் காய்ச்சல் பரவியது. உயிர்கள் போயின. இந்த நோய்க் கிருமி எலியின் சிறுநீரில் இருக்கிறது. நோய் தொற்றிய நாயின் சிறுநீரிலும் இருக்கலாம். கால் புண் வழியாக அது நம் உடம்பில் நுழையும். எனவே வெறுங்கையால் துடைக்காதீர்கள். கையில் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நாய்க்கு எலிக் காய்ச்சல் தடுப்பூசி உண்டு. வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியையும் தவறாமல் போடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது?

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் கழிக்கிறதா? அடிக்கடி முக்குகிறதா? சிறுநீரில் ரத்தம் தெரிகிறதா? அது நோயாக இருக்கலாம். சிறுநீர்ப்பையில் கிருமி, கல், சர்க்கரை நோய் எல்லாம் நாய்க்கும் வரும். அதற்குத் தேவை சிகிச்சை. மும்பையில் பரேலில் பழமையான விலங்கு மருத்துவமனை இருக்கிறது. 'பைல் கோடா' ஆஸ்பத்திரி என்றால் பலருக்கும் தெரியும். மாடு, குதிரை ஆஸ்பத்திரி என்று பொருள். அங்கே நாய்களுக்கும் சிகிச்சை உண்டு.

பேசிப் பார்ப்போம்

1. செய்த தவற்றுக்கு நாயைப் பிறகு அடிப்பதால் ஏன் பயன் இல்லை?
2. உங்கள் சந்தில் நாய்க்கு எந்த இடம் பொருத்தமாக இருக்கும்?
3. நாயை வெளியே அழைத்துப் போகும் வேலையை வீட்டில் யார் யார் பகிர்ந்துகொள்ளலாம்?