கணக்கு சரி, கண் சரியா?

பழவேற்காடு ஏரிக்கரையில் நடக்கும் ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே எல்லாமே கண் பார்வையை நம்பித்தான் நடக்கிறது. இறாலின் பருமன், நண்டின் தரம், தராசில் ஓடும் எண், சீட்டில் எழுதும் தொகை எல்லாம் அப்படியே. அந்தக் கரையில் எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை வணிக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்டு கொள்முதலின்போது, தராசு 18 கிலோ காட்டியதை நான் 13 என்று எழுதிவிட்டேன். மறுநாள் அந்த மீனவர் வந்து, "அண்ணே, நேத்து அஞ்சு கிலோ குறைஞ்சு போச்சே, கொஞ்சம் பாருங்க" என்றார். சீட்டில் இருந்தது என் கையெழுத்துதான். உடனே பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவர் முகத்தில் தெரிந்த சந்தேகத்தைப் பணத்தால் போக்க முடியவில்லை. இத்தனைக்கும் அப்போது நான் கண்ணாடி அணிந்திருந்தேன், கடைவீதியில் வாங்கிய ரெடிமேட் கண்ணாடி!

கண் பரிசோதனையில்தான் காரணம் தெரிந்தது. எனக்கு இருந்தது 'அஸ்டிக்மாட்டிசம்' என்னும் குறை. கண்ணின் முன்புறமுள்ள கருவிழி பந்தைப்போல எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளைந்திருக்க வேண்டும். சிலருக்கு அது முட்டையின் பக்கவாட்டைப்போல ஒரு திசையில் அதிகமாகவும், மறு திசையில் குறைவாகவும் வளைந்திருக்கும். அப்போது ஒளி ஒரே புள்ளியில் குவியாது. நெடுக்குக் கோடு தெளிவாகத் தெரிந்தால் குறுக்குக் கோடு மங்கும். 3, 6, 8 போன்ற எண்கள் குழம்பும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும், மாலையில் தலைவலி வருவதும் இதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

இங்கிலாந்தின் தாமஸ் யங் என்ற அறிஞர் 1801 இல் தம் கண்ணிலேயே இக்குறையைக் கண்டு விளக்கினார். வானியல் அறிஞர் ஜார்ஜ் ஏரி, 1825 இல் தம் இடது கண்ணுக்காக உருளை வடிவ வில்லையை வகுத்துச் செய்வித்தார். இன்று மருத்துவர் தரும் சீட்டில் 'சிலிண்டர்', 'ஆக்சிஸ்' என்று இருப்பது இதுதான். சிலிண்டர் என்பது பவரின் அளவு. ஆக்சிஸ் என்பது அது எந்தக் கோணத்தில் அமைய வேண்டும் என்பது. ரெடிமேட் கண்ணாடியில் பொதுவாக இந்தச் சிலிண்டர் இருப்பதில்லை. இரு கண்ணுக்கும் ஒரே பவர். அது எழுத்தைப் பெரிதாக்கும், குறையைத் தீர்க்காது.

கோணம் மிக முக்கியம். 10 பாகை விலகினால் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 பாகை விலகினால் பலனே இல்லை. ஆகவே கண்ணாடியின்மேல் உட்கார்ந்து வளைந்துபோனால், அப்படியே மாட்டிக்கொள்ளாமல் கடையில் கொடுத்து நிமிர்த்திக்கொள்ள வேண்டும். புதுக் கண்ணாடி போட்டதும் தரை சாய்வதுபோலத் தோன்றலாம். சில நாட்களில் பழகிவிடும்; பழகாவிட்டால் திரும்பப் போய்ச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஏரியையும் கடலையும் நம்பி வாழ்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயிலிலும் காற்றிலும் நாள் முழுதும் இருப்பவர்களுக்கு, மூக்கின் பக்கத்திலிருந்து கருவிழியின்மேல் முக்கோணமாகச் சதை வளர்வதுண்டு. அது பரவும்போது கருவிழியின் வளைவை மாற்றி இக்குறையை உண்டாக்கும். அதிகமானால் அறுவை சிகிச்சை தேவைப்படும். அகன்ற விளிம்புத் தொப்பியும் வெயில் கண்ணாடியும் நல்ல பாதுகாப்பு. கண்ணில் கைவைத்தியம் மட்டும் வேண்டாம். படகில் போகிறவர்கள் கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள்வது நல்லது. உப்பு படிந்த வில்லையை நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே துடைக்க வேண்டும்; இல்லையேல் கீறல் விழும்.

இக்குறை பிள்ளைகளுக்கும் வரும். கரும்பலகை தெரியாத பிள்ளையைப் 'படிப்பு ஏறவில்லை' என்று படகுக்கு அனுப்பிவிடக் கூடாது. முதலில் கண்ணைச் சோதிக்க வேண்டும். 1819 இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை பழவேற்காட்டிலிருந்து ஒரு நாளில் போய் வரக்கூடிய தூரம்தான். பார்வைக் கண்ணாடிக்கான ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்துள்ளது.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். தவறினால் அபராதம் என்ற பயம் இருக்கிறது. அந்தத் தராசைப் படிக்கும் கண்ணுக்கு யாரும் முத்திரை கேட்பதில்லை. நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். தராசுக்கு முத்திரை வைக்கும் மாதத்திலேயே கண்ணையும் சோதித்துக்கொள்வது என்று நான் வழக்கமாக்கிக்கொண்டேன். அந்த மீனவர் இன்றும் எனக்கே நண்டு கொடுக்கிறார். எடையை மட்டும் நான் உரக்கப் படிக்க, அவரும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். இருவருக்கும் அதில் நிம்மதி.