போலீஸ் விசாரணை முடிந்ததா? அதோடு கவலை தீரவில்லை!
பழைய கேசை மறைத்தால் கிடைத்த வேலைக்கே வேட்டு

மணலி,-

"ஸ்டேஷன்ல இருந்து ரிப்போர்ட் நல்லபடியா போயிடுச்சு. இனிமே யாரு நம்மள அசைக்க முடியும்?"

அரசு வேலைக்குத் தேர்வாகும் வாலிபர்கள் டீக்கடையில் இப்படித்தான் மார் தட்டுவார்கள். ஆனால் போலீஸ் விசாரணையில் தேறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது தவறு.

மணலிக்கு இந்த விசாரணை புதிது அல்ல. 1969-ல் இங்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. அன்று அதன் பெயர் மெட்ராஸ் ரிபைனரீஸ். இன்று சி.பி.சி.எல். பின்னர் உர ஆலையும் வந்தது. அரசு ஆலை வேலை என்றால் "வெரிபிகேஷன்" உண்டு என்பது இங்கு பலருக்கும் தெரியும்.

பாரத்தில் என்ன இருக்கிறது?

மத்திய அரசு வேலைக்கான பாரத்தில், 5 ஆண்டுகளாக எங்கெங்கே குடியிருந்தீர்கள் என்று கேட்கிறார்கள். எப்போதாவது கைதானது உண்டா, வழக்கு உண்டா, அபராதம் உண்டா என்றும் கேட்கிறார்கள்.

அந்தப் பாரத்தின் தலையிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது. பொய் சொன்னதோ, மறைத்ததோ பணிக்காலத்தில் எப்போது தெரிய வந்தாலும் வேலை போகலாம். பாரம் கொடுத்த பிறகு கைதானாலும் உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அதுவும் மறைத்த கணக்குதான்.

கோர்ட்டு காட்டிய இரக்கம்

டெல்லி போலீசில் தலைமைக் காவலர் வேலைக்கு மனுச் செய்த ஒருவர், சமரசத்தில் முடிந்த பழைய அடிதடி வழக்கை முதலில் சொல்லவில்லை. வேலை மறுக்கப்பட்டது.

2011-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புக் கூறியது. இளமையில் செய்த சிறு தவறுக்கு ஆயுள் முழுக்க முத்திரை குத்தக்கூடாது என்றது. ரொட்டி திருடியவனின் பிரெஞ்சுக் கதையையும் நீதிபதிகள் எடுத்துக் காட்டினார்கள். தமிழில் "ஏழை படும் பாடு" என்று படமாக வந்த கதைதான் அது!

2016 தீர்ப்பு

ஆனால் எல்லோருக்கும் அதே இரக்கம் கிடைக்காது. 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் 3 நீதிபதிகள் விதிகளை வகுத்தார்கள்.

* சொல்லும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும்.

* கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்கு என்றால், மறைத்ததை அதிகாரிகள் மன்னிக்கலாம்.

* விசாரணையில் உள்ள பல வழக்குகளைத் தெரிந்தே மறைத்தால், அதுவே வேலையை ரத்து செய்யப் போதும்.

* உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

* பணி நிரந்தரமானவரை, பாரத்தில் மறைத்ததற்காக நீக்கும் முன்பு இலாகா விசாரணை நடத்த வேண்டும்.

எனவே விடுதலையான கேசாக இருந்தாலும் பாரத்தில் எழுதி, தீர்ப்பு நகலை இணைப்பதே நல்லது. பாரத்தின் ஒரு காப்பியைப் பத்திரமாக வைத்துக் கொள்ள வேண்டும்.

"உள்ளதை எழுதிடு தம்பி. பத்து வருஷம் கழிச்சு பொண்டாட்டி, புள்ளையோட தெருவுல நிக்காதே!"

பாரம் நிரப்பும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்ல வேண்டிய புத்தி இதுதான்.