ஒன்றல்ல, இரண்டு! வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்ஸ்ரே வானம்

செப்டம்பர் கடைசியில் இரவு ஒன்பதரை மணிக்கு குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், எம்15 என்ற நட்சத்திரக் கொத்து ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே இருக்கும். ஆனால் ஜி.எஸ்.டி. ரோடு விளக்குகளும் மீனம்பாக்கம் விமான நிலைய வெளிச்சமும் வானத்தை வெளுத்துவிடும். பைனாகுலரில் பார்த்தால் கண்ணாடியில் விரல் பட்டது போல ஒரு மங்கல், அவ்வளவுதான். அதை நான் சரியாகப் பார்த்தது கீழே ஹாலில் உள்ள கம்ப்யூட்டரில்!

எம்15 ஒரு கோளக் கொத்து. ஒரு லட்சத்துக்கும் அதிகமான நட்சத்திரங்கள் பந்து போல நெருக்கியடித்துக்கொண்டு, 33,000 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கின்றன. நெரிசல் என்றால் உரசல் இருக்குமே! செத்துப்போன நியூட்ரான் நட்சத்திரம் ஒன்று, பக்கத்தில் வரும் சாதாரண நட்சத்திரத்தைப் பிடித்து ஜோடியாக்கிக்கொள்ளும். பிறகு அதன் வாயுவை உறிஞ்சும். விழும் வாயு பல லட்சம் டிகிரிக்குச் சூடாகி எக்ஸ்ரேயை வீசும். இதுதான் எக்ஸ்ரே இரட்டை. காற்று மண்டலம் எக்ஸ்ரேயைத் தடுத்துவிடுவதால் இமயமலை உச்சிக்குப் போனாலும் பயனில்லை. டெலஸ்கோப்பை விண்வெளிக்கே அனுப்ப வேண்டும்.

எம்15-ல் ஒரே ஓர் இரட்டைதான் பிரகாசமாக இருக்கிறது என்று வெகுகாலம் நினைத்தார்கள். அதில் ஒரு சிக்கல். அந்த நியூட்ரான் நட்சத்திரம் வாயுத் தட்டின் விளிம்புக்குப் பின்னால் மறைந்திருப்பதாகக் கணக்கு சொன்னது. ஆனால் 1988-ல் ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் அங்கிருந்து ஒரு பெரிய எக்ஸ்ரே வெடிப்பைப் பதிவு செய்தது. மறைந்திருக்கும் பொருள் எப்படி நேராக வெடித்துக் காட்டும்?

விடை தந்தது நாசாவின் சந்திரா டெலஸ்கோப். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999 ஜூலை 23-ல் சென்ற அதே சந்திராதான். 2000-ல் அது எம்15-ஐப் பார்த்தபோது ஒன்று இரண்டானது! வெடித்தது அடுத்ததுதான் என்றால் புதிர் தீர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், புதிதாகத் தெரிந்ததுதான் எக்ஸ்ரேயில் அதிகப் பிரகாசம். இரண்டுக்கும் இடைவெளி மூன்று ஆர்க் செகண்டுக்கும் குறைவு. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி வைத்த ரூபாய் நாணயத்தின் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நீங்களும் பார்க்கலாம், காசு செலவில்லை. டிஎஸ்9 என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்யுங்கள். சந்திராவின் ஆவணத் தளத்தில் எம்15 என்று தேடி, 2000-ம் ஆண்டுப் பதிவில் பெயரில் ஈவிடி2 என்று வரும் பைலை டவுன்லோட் செய்யுங்கள். அதன் மேல் டபுள் கிளிக் செய்யாதீர்கள்! நான் அப்படிச் செய்து, விண்டோஸ் விழித்ததைப் பார்த்து பைல் கெட்டுப்போனது என்று மூன்று முறை டவுன்லோட் செய்தேன். டிஎஸ்9-க்குள் போய், பைல் மெனுவில் ஓபன் கொடுத்தால் போதும்.

உண்மையில் அது போட்டோ அல்ல, ஒரு பட்டியல். எக்ஸ்ரே துகள் ஒவ்வொன்றும் எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு சக்தியோடு விழுந்தது என்று வரிசை வரிசையாக எக்ஸெல் தாள் போல இருக்கும். அதை டிஎஸ்9 படமாக்கித் தருகிறது. ஸ்கேல் மெனுவில் லாக் என்பதைத் தேர்வு செய்யுங்கள். குறுக்கே எக்ஸ் எழுத்து போலக் கோடுகள் தெரிந்தால் மானிட்டரைத் தட்ட வேண்டாம். எக்ஸ்ரேயை நிறம் பிரிக்கும் கருவி போட்ட கோடு அது.

நமது ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. அதன் எக்ஸ்ரே கருவிகளால் இவ்வளவு நெருங்கிய இரண்டைப் பிரிக்க முடியாது. ஆனால் அதன் புற ஊதா டெலஸ்கோப் பல கோளக் கொத்துகளைப் படமெடுத்திருக்கிறது.

இனி கோடுகள் சந்திக்கும் இடத்தை ஜூம் செய்யுங்கள். ஐந்தாறு பிக்சல் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் தெரிகிறதா?