காலநிலை நிதி: வருவது எங்கிருந்து, சேர்வது எங்கே?

வெள்ளம், வறட்சி, புயல் ஆகியவற்றின் சீற்றத்தைத் தணிக்கவும் தாங்கவும் தேவைப்படும் முதலீடே காலநிலை நிதி. அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் அளிக்கும் பொதுநிதி, நிறுவனங்களும் வணிக வங்கிகளும் இடும் தனியார் நிதி ஆகிய இரண்டும் இதில் அடங்கும்.

2020ஆம் ஆண்டுக்குள் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக, வளர்ந்த நாடுகள் 2009இல் கோபன்ஹேகன் மாநாட்டில் உறுதியளித்தன. ஓ.இ.சி.டி. அமைப்பின் கணக்குப்படி, அவ்வாக்கு 2022இல்தான் நிறைவேறியது. அவ்வாண்டு திரண்ட 11,590 கோடி டாலரில் தனியார் பங்கு 2,190 கோடி மட்டுமே. பொதுநிதியிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடனாகவே வந்தது. கடனுக்கும் மானியத்துக்கும் உள்ள வேறுபாட்டை வாடிக்கையாளர்கள் நன்கறிவர். 2024இல் பாகு மாநாடு, 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்னும் புதிய இலக்கை ஏற்றது. இது போதாதென்று இந்தியா அவ்வரங்கிலேயே எதிர்ப்பைப் பதிவு செய்தது.

தனியார் நிதி ஏன் எல்லாப் பணிகளுக்கும் வருவதில்லை? சூரிய மின்நிலையம் மின்சாரத்தை விற்கிறது. அவ்வருவாய் கடன் தவணையை அடைக்கிறது. மழைநீர் வடிகாலோ கடலோரத் தடுப்போ பேரிழப்பைத் தவிர்க்கும். ஆனால் தவணை செலுத்த வருவாய் ஈட்டாது. எனவே முன்னதற்குத் தனியார் முதலீடு விரைகிறது. பின்னது பொதுநிதியையே எதிர்நோக்கி நிற்கிறது. பேரிடர்களால் மிகுதியாகப் பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கு இன்றியமையாதது பின்னதே. உலக நிதிப்போக்கின் பெரும் குறை இதுவே.

நம் நாட்டில் மத்திய அரசு 2023 ஜனவரியில் முதன்முறையாகப் பசுமைப் பத்திரங்களை வெளியிட்டது. அந்நிதியாண்டில் 16,000 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. பசுமை வைப்புத்தொகைக்கான ரிசர்வ் வங்கியின் நெறிமுறை 2023 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இத்தொகையைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல், தூய போக்குவரத்து, நீர் மேலாண்மை போன்ற பணிகளுக்கே வங்கிகள் ஒதுக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டை ஆண்டுதோறும் வெளி அமைப்பொன்று சரிபார்க்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வைப்புக் காப்பீடு இதற்கும் உண்டு.

பசுமை என்ற பெயரை மட்டும் நம்பி முதலீடு செய்ய வேண்டியதில்லை. வட்டி விகிதத்தைக் கேட்டறிவதோடு, தொகை எப்பணிக்குச் சென்றது, சரிபார்ப்பு அறிக்கை எங்கே கிடைக்கும் என்றும் கேளுங்கள். அவற்றுக்கு விடையளிப்பது வங்கியின் கடமை.